'பரையா' என்று தலைப்பு எழுதும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

இந்தியாவில் ஆங்கில நாளிதழ் நடத்தும் ஆசிரியர்களுக்கும், செய்தி மேசையில் உட்கார்ந்து தலைப்பு எழுதும் துணை ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

ஆங்கிலச் செய்திகளைத் தமிழில் மொழிபெயர்ப்பது என் வேலை. பதினாறு ஆண்டுகளாக அதுதான் எனக்குச் சோறு போடுகிறது. நீங்கள் எழுதுவதை ஒரு நாளைக்கு இருபது, முப்பது செய்தி என்று வரி விடாமல் படிக்கிறவன் நான். உங்கள் நடையிலிருந்து நிறையக் கற்றிருக்கிறேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

ஒரே ஒரு சொல்லைப் பற்றிய மடல் இது. 'பரையா'. உலக நாடுகள் ஒதுக்கிவைத்த நாட்டை 'பரையா ஸ்டேட்' என்று எழுதுகிறீர்கள். கட்சியில் யாரும் சேர்த்துக்கொள்ளாத தலைவர், சூதாட்டத்தில் மாட்டிய விளையாட்டு வீரர், கடனைக் கட்டாமல் ஓடிய முதலாளி என்று எல்லோருக்கும் இந்தச் சொல் போகிறது. தெருவில் திரியும் நாய்க்கும் போகிறது.

அது என் சாதியின் பெயர்.

சொல் பிறந்தது தமிழில் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன். உங்கள் அலுவலகங்களில் தமிழ் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. தெரியாதவர்களுக்கு அவர்கள் படித்துச் சொல்லட்டும்.

நான் இந்த ஆங்கிலச் சொல்லை முதன்முதலில் பார்த்தது பதினொன்றாம் வகுப்பில். ஆங்கிலப் பாடம் நடந்துகொண்டிருந்தது. பாடத்தில் வந்த கடினச் சொற்களைக் கரும்பலகையில் எழுதி, பக்கத்தில் பொருள் எழுதுவது எங்கள் ஆசிரியரின் வழக்கம். அன்றைக்கு 'பரையா' என்று எழுதி, 'சமூகத்தால் தள்ளிவைக்கப்பட்டவன்' என்று பொருள் எழுதினார். அவர் வேண்டுமென்று செய்யவில்லை, அகராதியில் இருந்ததை எழுதினார். பின் பெஞ்சில் ஒருவன் இரண்டு விரலால் மேசையில் தாளம் போட்டான். 'டண்டணக்கா'. வகுப்பே சிரித்தது. யாரும் என் பெயரைச் சொல்லவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை. எனக்குக் காது சுட்டது. அன்று மாலை நூலகத்தில் அகராதியை எடுத்துப் பார்த்தேன். முதல் பொருள்: தென்னிந்தியாவில் ஒரு தாழ்ந்த சாதியைச் சேர்ந்தவர். இரண்டாம் பொருள்: ஒதுக்கப்பட்டவர், வெறுக்கப்பட்டவர். இரண்டும் ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தன.

அப்புறம் வேலைக்கு வந்தேன். 2019 நவம்பரில், அமெரிக்க அதிபர் வேட்பாளர் ஆவதற்குப் போட்டியிட்ட ஜோ பைடன் ஒரு விவாத மேடையில் சவூதி அரேபியாவைக் கண்டித்தார். பத்திரிகையாளர் ஜமால் கஷோக்ஜியின் கொலைக்கு அந்த நாடு விலை கொடுக்க வேண்டும், அதை 'பரையா' ஆக்க வேண்டும் என்றார். செய்தி என் மேசைக்கு வந்தது. 'உலகமே ஒதுக்கிவைக்க வேண்டிய நாடு' என்று மொழிபெயர்த்தேன். பக்கத்தில் இருந்த மூத்தவரிடம், இந்தச் சொல்லைப் படிக்கும்போதெல்லாம் மனசு என்னவோ செய்கிறது சார் என்று சொன்னேன். "அதுக்கும் இதுக்கும் என்னப்பா சம்பந்தம்? அது இங்கிலீஷ் வார்த்தை" என்றார். நல்ல மனிதர்தான். உங்களில் பலரும் அப்படித்தான் நினைப்பீர்கள் என்று நம்புகிறேன். அதனால் சம்பந்தத்தைச் சொல்கிறேன்.

பறை என்பது ஒரு தோல் கருவி. எங்கள் தாத்தாவின் பறை வீட்டுத் திண்ணைச் சுவரில் ஆணியில் தொங்கும். வேப்ப மரத்தை வளைவாக அறுத்து, மூன்று துண்டுகளை வட்டமாகச் சேர்த்து, உள்பக்கம் இரும்புப் பட்டை அடித்த சட்டம். புளியங்கொட்டையை அரைத்துக் காய்ச்சிய பசையில் கன்றுத் தோலை ஒட்டி இழுத்துக் கட்டியிருக்கும். அடிப்பதற்கு முன் வைக்கோலைக் கொளுத்தி அந்தத் தீயில் தோலைக் காய்ச்சுவார். காய்ச்சிக்கொண்டே நடு விரலால் ஒரு சுண்டு சுண்டிப் பார்ப்பார். 'டிங்' என்று பதில் வரும்வரை விடமாட்டார். இடது கையில் மெலிந்து நீண்ட சிண்டுக் குச்சி, வலது கையில் கட்டையான அடிக்குச்சி. சாமிச்சாட்டுக்கு ஒரு அடி, சப்பரத்துக்கு ஒரு அடி, மாரடிப்புக்கு ஒரு அடி. ஊருக்கு எந்தச் சேதியும் முதலில் அந்தத் தோலில் இருந்துதான் வந்தது.

தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை என்று அடுக்கி, அந்த வரிசையிலேயே பறையையும் வைக்கிறார். புறநானூற்றின் 335-ஆம் பாட்டில் மாங்குடி கிழார், 'துடியன் பாணன் பறையன் கடம்பன்' என்ற நான்கைத் தவிர வேறு குடியும் இல்லை என்கிறார். பெருமையாகச் சொல்கிறார். அந்தப் பாட்டில் பறையன் தள்ளிவைக்கப்பட்டவன் இல்லை, எண்ணிச் சொல்லத்தக்க குடிகளில் ஒருவன். 'பறை' என்றால் சொல் என்ற பொருளும் உண்டு. மலையாளத்தில் இன்றும் 'பறயுக' என்றால் பேசுவது. யாழ்ப்பாணத்துப் பேச்சிலும் 'பறைகிறது' உண்டு. ஆண்டாள் 'நமக்கே பறை தருவான்' என்று பாடியதும் இந்தச் சொல்லை வைத்துத்தான்.

பறையர் எல்லோரும் பறை அடித்தவர்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. பெரும்பாலோர் வயலில் உழைத்தவர்கள். என் தாத்தாவும் வருஷத்தில் பத்துப் பதினைந்து நாள்தான் குச்சியைத் தொட்டிருப்பார், மற்ற நாளெல்லாம் நடவும் அறுப்பும்தான். ஆனால் பெயர் பறையில் இருந்து வந்தது என்பதுதான் அறிஞர்கள் பரவலாக ஏற்றுக்கொண்ட கருத்து. ஆங்கில அகராதிகளும் அதையே சொல்கின்றன. தமிழில் இருந்து போன சொல் என்று உங்கள் மேசையில் இருக்கும் அகராதியிலேயே போட்டிருக்கும்.

எப்படிப் போனது? போர்த்துகீசியர் 1498-இல் கோழிக்கோட்டில் இறங்கினார்கள். மலபாரில் இருந்த துவார்த்தே பார்போசா என்ற போர்த்துகீசியர் 1516-ஆம் ஆண்டை ஒட்டி எழுதிய குறிப்புகளில் எங்கள் பெயர் வருகிறது. எல்லோரும் விலகிப்போகிற, பார்த்தாலே தீட்டு என்று கருதப்படுகிற மக்கள் என்று எழுதுகிறார். பார்த்தாலே தீட்டு என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? எங்கள் குடிசையில் வந்து உட்கார்ந்து கேட்டிருந்தால் அப்படி ஒரு வரி கிடைத்திருக்காது. ஊருக்குள் இருந்தவர்கள் சொன்னதை அவர் எழுதிக்கொண்டார். அந்த முதல் குறிப்பே எங்களைப் பற்றி மற்றவர்கள் சொன்னதுதான்.

ஆங்கிலத்தில் முதல் பதிவு 1613 என்று அகராதிகள் காட்டுகின்றன. சாமுவேல் பர்ச்சஸ் என்ற பாதிரியார் தொகுத்த பயண நூல் அது. அவர் இந்தியாவுக்கு வந்தவரே இல்லை. மாலுமிகளும் வணிகர்களும் எழுதியதை இங்கிலாந்தில் இருந்தபடியே சேர்த்துத் தொகுத்தார். இந்தப் பயணத்தில் சொல்லின் வடிவமும் தேய்ந்தது. 'பறையர்' என்பதில் கடைசியில் நிற்கும் 'அர்' பலரைக் குறிக்கும் விகுதி, ஒருவரை மரியாதையாகச் சொல்வதற்கும் அதுதான் விகுதி. ஐரோப்பிய நாக்கில் முதலில் விழுந்தது அந்த 'ர்'. மொழிபெயர்ப்பாளனாக இந்த இடத்தை நான் பல முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். எங்கள் பெயரில் இருந்த மரியாதைதான் முதலில் போயிற்று.

பிறகு சென்னை வந்தது. கோட்டைக்கு வெளியே எங்கள் மக்கள் வாழ்ந்த பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆவணங்கள் 'பார்ச்செரி' என்று குறித்தன, பறைச்சேரியின் திரிபு. வெள்ளையர் வீடுகளில் சமைத்தவர்களில், குழந்தை வளர்த்தவர்களில், கம்பெனிப் படையில் துப்பாக்கி தூக்கியவர்களில் எங்கள் ஆட்கள் ஏராளம். ஆங்கிலேயர் நெருங்கிப் பழகிய ஒடுக்கப்பட்ட சாதி நாங்களாக இருந்ததால், ஒடுக்கப்பட்ட எல்லோருக்கும் எங்கள் பெயரையே பொதுப்பெயராக்கினார்கள். அடுத்து மட்டமான எல்லாவற்றுக்கும் அதை ஒட்டினார்கள். 1886-இல் யூலும் பர்னலும் தொகுத்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியைத் திறந்து பாருங்கள். சொந்தக்காரன் இல்லாத மஞ்சள் நாய் 'பரையா டாக்'. குப்பை பொறுக்கும் பருந்து 'பரையா கைட்'. சிப்பாய்களுக்கு விற்ற நஞ்சு போன்ற சாராயம் 'பரையா அரக்'. ஒரு மக்களின் பெயர் நாய்க்கும் பருந்துக்கும் சாராயத்துக்கும் அடைமொழியாகிவிட்டது. இத்தனைக்கும், 1856-இலேயே ராபர்ட் கால்டுவெல் தன் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கண நூலில், பறையர் சாதிக்கு வெளியே தள்ளப்பட்டவர்கள் என்பது தவறு, அவர்கள் தனித்த, பழமையான ஒரு சாதி என்று எழுதியிருந்தார். திருத்தம் எழுத்தில் இருந்தது. யாரும் பார்க்கவில்லை.

'தள்ளிவைக்கப்பட்டவன்' என்ற பொதுப்பொருள் இறுகியது ஐரோப்பாவில்தான். 1791-இல் பிரெஞ்சு எழுத்தாளர் பெர்னார்தன் த சேன்-பியேர் ஓர் இந்தியக் குடிசையைப் பற்றிக் கதை எழுதினார். உண்மையைத் தேடி வரும் ஆங்கிலேய அறிஞர் ஒருவருக்கு பூரி ஜகந்நாதர் கோயிலின் தலைமைப் பிராமணரிடம் கிடைக்காத விடை, புயல் இரவில் அடைக்கலம் கொடுத்த ஒரு 'பரியா'விடம் கிடைக்கிறது. நல்லெண்ணத்தோடு எழுதிய கதை. ஆனால் அவரும் இந்தியாவைப் பார்த்தவர் இல்லை, மொரீஷியஸ் வரைதான் வந்திருந்தார். கதை ஐரோப்பா முழுக்கப் பரவியது. 1821-இல் கசிமீர் தெலவீன் 'பரியா' என்ற நாடகம் எழுதினார். 1823-இல் ஜெர்மனியில் மிக்கேல் பேயர் அதே பெயரில் இன்னொன்று எழுதினார். ஜெர்மன் கவிஞர் கெத்தே கவிதை எழுதினார். 1829-இல் இத்தாலிய இசையமைப்பாளர் தொனிசெத்தி இசை நாடகம் ஆக்கினார். ஐரோப்பாவில் ஒதுக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தன்னைச் சொல்லிக்கொள்ள அந்தப் பெயர் உதவியது. பெண்ணுரிமை பேசிய ஃபிளோரா திரிஸ்தான் 1838-இல் தன்னை ஒரு 'பரியா' என்றார். யூதர்களைப் பற்றி எழுத ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபரும், 1944-இல் யூதச் சிந்தனையாளர் ஹன்னா அரெண்டும் அந்தச் சொல்லை எடுத்தார்கள்.

இவர்களில் அரெண்டை நான் மதிப்போடு படித்தவன். தன் மக்களின் வலியைச் சொல்லத்தான் அவர் அந்தச் சொல்லை எடுத்தார். ஆனால் பாருங்கள், இத்தனை மேடைகளில் எங்கள் பெயர் ஏறியது, எங்களில் ஒருவர்கூட ஏறவில்லை. வலியைச் சொல்ல எடுத்தாலும், திட்டுவதற்கு எடுத்தாலும், எங்களுக்கு நடந்ததை எங்கள் பெயரின் பொருளாகவே ஆக்கிவிட்டார்கள்.

பிறகு 'பரையா ஸ்டேட்' வந்தது. இதில்தான் எனக்கு மிகப் பெரிய வருத்தம். இனவெறி ஆட்சி நடத்திய தென்னாப்பிரிக்காவை உலகம் ஒதுக்கியபோது செய்தித்தாள்கள் அதை 'பரையா ஸ்டேட்' என்றன. அந்த நாடு ஒதுக்கப்பட்டது அது செய்த கொடுமைக்காக. என் முன்னோர் ஒதுக்கப்பட்டது எதைச் செய்ததற்காக? நடவு நட்டதற்கா, செத்த மாட்டைத் தூக்கியதற்கா? தீண்டாமையை அனுபவித்தவனின் பெயரை எடுத்து, தீண்டாமை செய்தவனுக்குச் சூட்டுகிறீர்கள். வட கொரியாவுக்கும் அதே பெயர். ஒவ்வொரு முறை நீங்கள் இதை எழுதும்போதும், குற்றவாளி என்பதற்கு எங்கள் பெயரை உவமையாக்குகிறீர்கள்.

எங்கள் தரப்பில் இந்தப் பெயரை என்ன செய்வது என்று யாரும் யோசிக்காமல் இல்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893 அக்டோபரில் ஒரு மாத இதழ் தொடங்கினார், நான்கு பக்கம். பெயர் 'பறையன்'. எந்தப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்துகிறார்களோ அதையே முகப்பில் அச்சடித்துத் தெருவில் விற்றார். பெயரை மறைத்துக்கொண்டு வாழ்கிறவரை உரிமை கிடைக்காது என்பது அவர் நம்பிக்கை. பின்னாளில் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனவரும் அவரே. அயோத்திதாசப் பண்டிதர் எதிர்ப்பக்கம் நின்றார். அது பகைவர் சூட்டிய பெயர், நாம் ஆதித்தமிழர், பூர்வ பௌத்தர் என்று 1907-இல் தொடங்கிய தன் 'ஒரு பைசாத் தமிழன்' இதழில் தொடர்ந்து எழுதினார். 1922 ஜனவரியில் எங்கள் தலைவர்களில் ஒருவரான எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார்: அரசு ஆவணங்களில் 'பஞ்சமர்', 'பறையர்' என்ற சொற்களை நீக்கி, தமிழ்ப் பகுதியில் 'ஆதிதிராவிடர்' என்று எழுத வேண்டும். அரசு ஏற்றது. அதனால்தான் தாத்தாவின் பழைய பத்திரத்தில் பெயருக்குப் பின்னால் 'பறையன்' என்று இருக்கிறது, என் சான்றிதழில் 'ஆதிதிராவிடர்' என்று இருக்கிறது.

வைத்துக்கொள்வதா, விடுவதா என்பதில் எங்களுக்குள் இன்றும் இரண்டு கருத்து உண்டு. என் மகன் பறை கற்கிறான், சட்டையில் பறையின் படம் போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போகிறான். என் அண்ணனுக்கு அந்தச் சத்தமே ஆகாது, சாவு வீட்டு வாசலில் கூலிக்கு நின்ற ஞாபகம் வந்துவிடும் அவருக்கு. இரண்டு பேரும் சொல்வது நியாயம்தான். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் நாங்கள்.

ஆங்கிலம் மட்டும்தான் குற்றவாளி என்று சொல்ல மாட்டேன். தமிழில் எங்கள் பெயரைச் சொல்லித் திட்டுவதை நீங்களும் நானும் தெருவில் கேட்டிருக்கிறோம். ஆனால் அதைத் தமிழ் நாளிதழ் எதுவும் தலைப்பில் போடாது. பொது இடத்தில் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும். அதே பெயர் கடல் தாண்டிப் போய்த் திரும்பி வந்ததும் படித்தவர்களின் சொல்லாகிவிடுகிறது. மலேசியத் தமிழர்கள் இதை விட்டுவிடவில்லை. அப்துல்லா ஹுசைனின் 'இண்டர்லோக்' நாவலைப் பள்ளிப் பாடமாக வைத்தபோது, அதில் 'பரியா' என்ற சொல் இருந்ததைக் கண்டித்துப் போராடினார்கள். 2011 இறுதியில் அந்நாட்டு அரசு நாவலைப் பாடத்திலிருந்து எடுத்தது. நான் எந்தப் புத்தகத்தையும் தடுக்கச் சொல்லவில்லை. ஒரு சொல்லை ஊர் எப்படிக் கேட்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் இதைச் சொல்கிறேன்.

சொல் தன் பிறப்பை மறந்துவிட்டது, இன்று யாரும் சாதியை நினைத்து எழுதுவதில்லை என்று நீங்கள் சொல்லலாம். லண்டனில் இருப்பவர் மறந்திருக்கலாம். விழுப்புரத்தில் உங்கள் இதழை வாங்கி ஆங்கிலம் பழகும் பையன் எப்படி மறப்பான்? அரசின் பட்டியல் சாதிகள் வரிசையில் 'பறையன்' என்று இன்றும் இருக்கிறது. உயிரோடு இருக்கும் மக்களின் பெயர் இது.

வேறு சொல் இல்லையே என்றும் சொல்ல முடியாது. 'அவுட்காஸ்ட்' ஆங்கிலத்தின் சொந்தச் சொல். 14-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. வெளியே எறியப்பட்டவர் என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. சாதியைக் குறிக்கும் 'காஸ்ட்' போர்த்துகீசிய 'காஸ்தா'விலிருந்து வந்தது, இதற்கும் அதற்கும் உறவு கிடையாது. ஆக, எங்கள் பெயர் ஆங்கிலத்துக்குப் போவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் முன்னாலேயே, சொல்ல வேண்டியதைச் சொல்ல அந்த மொழியிடம் வார்த்தை இருந்தது. 'ஷன்டு' இருக்கிறது, 'ஐசோலேட்டட்' இருக்கிறது. நான் தமிழில் 'ஒதுக்கப்பட்ட நாடு' என்று எழுதுகிறேன், இதுவரை ஒரு வாசகரும் புரியவில்லை என்று சொன்னதில்லை.

நீங்கள் மாறக்கூடியவர்கள் என்பதும் எனக்குத் தெரியும். தமிழ் இதழ்கள் 'ஊனமுற்றோர்' என்பதை விட்டு 'மாற்றுத்திறனாளி' என்று எழுதத் தொடங்கியதைப் போல நீங்களும் 'ஹேண்டிகேப்டு' என்ற சொல்லை விட்டீர்கள். பறவை நூல்களில் 'பரையா கைட்' போய் 'பிளாக் கைட்' வந்து வெகு காலம் ஆயிற்று. நாய் வளர்ப்பவர்களே இப்போது 'இந்திய நாட்டு நாய்' என்று சொல்லப் பழகிவிட்டார்கள்.

நான் கேட்பது இதுதான். உங்கள் நடைக் கையேட்டில் இந்தச் சொல்லுக்கு ஒரு வரி சேருங்கள்: செய்தியிலும் தலைப்பிலும் தலையங்கத்திலும் உவமையாகப் பயன்படுத்த வேண்டாம் என்று. யாராவது பேசியதை அப்படியே தர வேண்டியிருந்தால் மேற்கோள் குறிக்குள் தாருங்கள், தலைப்புக்கு எடுக்காதீர்கள். வெளிநாட்டு முகமைச் செய்தியில் வந்தால் மாற்றுங்கள், எழுத்துக்கூட்டலை மாற்றுவது போல இதையும் மாற்றலாம். வரலாற்றுக் கட்டுரையில் எங்களைப் பற்றி எழுதும்போது 'பறையர்' என்று எழுதுங்கள், கடைசி 'ர்' விழாமல்.

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஆங்கிலம் நன்றாக வரட்டும் என்று உங்கள் நாளிதழ்களில் ஒன்றுக்கு அவள் பெயரில் சந்தா கட்டியிருக்கிறேன். தெரியாத சொல்லைப் பென்சிலால் வட்டமிட்டு வைப்பாள். இரவு நான் வந்ததும் ஒவ்வொன்றாகக் கேட்பாள். இந்தச் சொல் வந்த இரண்டு நாளும் அந்தப் பக்கத்தை அவள் எழுந்திருப்பதற்குள் எடுத்து வைத்துவிட்டேன். மூன்றாவது முறை எடுத்துவைக்க முடியுமா என்று தெரியவில்லை, இப்போதெல்லாம் எனக்கு முன்னாடியே எழுந்துவிடுகிறாள்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து
ஒரு செய்தி மொழிபெயர்ப்பாளர்